நொய்யல் நீரும் சீர்மிகு நகரின் அளவு கருவிகளும்

நொய்யல் ஆறு வெள்ளியங்கிரி மலையில் உற்பத்தியாகி, கோயம்புத்தூர், திருப்பூர் வழியே கிழக்கு நோக்கி ஓடிக் கரூர் ஜில்லாவில் காவிரியுடன் கலக்கின்றது. பருத்தித் துணியில் சாயம் பிடிப்பதற்குக் கல்லுப்பு அல்லது சோடியம் ஸல்பேட் ஏராளமாகச் சேர்க்கப்படுகிறது. பின்னலாடைத் தொழில் பெருகிய காலத்தில் அவ்வுப்பு நீர் ஆற்றில் விடப்பட்டது. பாசனத்தை உத்தேசித்து 1992-ம் வருஷத்தில் முடிவுற்ற ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று. கிணறுகள் கெட்டன, நிலம் உவரேறியது. ஆயக்கட்டுதாரர்கள் நியாயஸ்தலத்தை நாடினர். 2011 ஜனவரியில் சென்னை ஹைக்கோர்ட்டு, சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி உத்தரவிட்டது. கழிவுநீரில் ஒரு சொட்டும் வெளிவிடலாகாது என்பதே பட்டறைகளுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை.

நிபந்தனை நடைபெறுகின்றதா என்று அறிய இடைவிடாத அளவு வேண்டும். 2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அதிக மாசு விளைவிக்கும் தொழிற்சாலைகளும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் தானே அளந்து தானே செய்தியனுப்பும் கருவிகளை வைக்கும்படி கட்டளையிட்டது. 2017-ல் திருப்பூர் சீர்மிகு நகரங்களுள் ஒன்றாகத் தெரிந்தெடுக்கப்பட்டது. அத்திட்டம் 2025 மார்ச்சு 31-ந் தேதியுடன் முடிவுற்றது. ஆயினும் அளக்கும் வேலைக்கு முடிவில்லை. தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், ஆற்று நீர் முதலியவற்றில் பொருத்திய கருவிகள் இன்டர்நெட் மூலம் செய்தி அனுப்பும் ஏற்பாட்டுக்குப் பொருள்களின் இணையம் என்று பெயர்.

உப்பை அறிவது எங்ஙனம்?

நீரில் இரண்டு மின்முனைகளை அமிழ்த்தி மின்சாரம் செலுத்தினால், உப்பு மிகுந்த நீர் அதனை எளிதில் கடத்தும். அவ்வளவை டெஸிஸீமன்ஸ் என்னும் கணக்கில் குறிப்பர். பாசன நீரில் மீட்டருக்கு 0.7 டெஸிஸீமன்ஸ் வரை தடையில்லை. 3.0-க்கு மேற்பட்டால் பெரும்பாலான பயிர்களுக்குக் கெடுதி. இது லிட்டருக்கு ஏறக்குறைய 2,000 மில்லிகிராம் உப்பாகும். கழிவுநீருக்கு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்று வரம்பு விதிக்கப்பட்டிருந்ததை இதனுடன் ஒப்பிடுக. சட்டத்துக்கு உட்பட்ட நீரெல்லாம் பயிருக்கு உகந்த நீர் ஆகாது என்பது விளங்கும். பருத்தி உப்பை ஓரளவு தாங்கும். வெங்காயமும் அவரை இனங்களும் தாங்கா.

பனியன் தொழில் காட்டும் வழி

இக்கருவிகளின் செய்திகளை ஒரே பெரிய கம்ப்யூட்டர் நிரலில் சேர்த்தால் நேரும் தொல்லை யாதெனில், தெருவிளக்குப் பகுதியில் சிறு திருத்தம் செய்யினும் முழுவதையும் நிறுத்த நேரிடும். இதற்கு மாற்றாக உள்ளதே மைக்ரோ சர்வீஸ் என்னும் சிறுசேவை முறை.

திருப்பூராருக்கு இது புதிதன்று. நூல் ஓரிடத்தில் பின்னப்படுகிறது, வேறிடத்தில் சாயமேறுகிறது, பிறகு காம்பாக்டிங், கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங் என்று பல கைகளைக் கடந்து பனியன் ஆகிறது. ஒவ்வொருவரும் தம் வேலையை மட்டும் செய்வர். சரக்குடன் செல்லும் டெலிவரி சலானே அவர்களை இணைப்பது. ஒரு பவர் டேபிள் நின்றால் சரக்கு மற்றொன்றுக்குச் செல்லும்.

அவ்வாறே கருவியின் செய்தியைப் பெறுவது ஒரு சேவை. வெப்பத்துக்கேற்பத் திருத்துவது மற்றொன்று. வெப்பம் ஒரு டிகிரி ஸெண்டிகிரேட் ஏறினால் மின்கடத்தும் அளவு சுமார் 2 சதவிகிதம் மிகும். ஆதலின் எல்லாவற்றையும் 25 டிகிரிக்கு மாற்றுதல் அவசியம். சேமிப்பது மூன்றாவது, எச்சரிப்பது நான்காவது. இவற்றினிடையே செல்லும் செய்தியின் அமைப்பே சலான். அதனை மாற்றாதிருந்தால், கீழ்ப்புறத்துக் குடியானவர்களுக்குக் கைபேசியில் உப்பளவைத் தெரிவிக்கும் ஐந்தாவது சேவையைப் பிற்பாடு சேர்ப்பதற்குப் பழையவற்றைத் தொட வேண்டியதில்லை. இதுவே குடியானவர்களுக்குப் பெரும் அனுகூலம்.

பிரதிகூலமும் உண்டு. கைகள் பலவானால் சரக்கு தவறும் இடங்களும் பல; ஒவ்வொன்றையும் கண்காணிக்கத் தேர்ந்த ஆட்கள் வேண்டும். தனிக் கிணறு ஒன்றுக்கு இம்முறை வேண்டுவதில்லை. கையில் பிடிக்கும் மீட்டரே போதும். மேலும், மின்முனையில் பாசியும் சேறும் படிந்தால் அளவு பொய்யாகும். எத்தனை சேவை அமைப்பினும் பொய்யான அளவு மெய்யாகாது. 25 டிகிரியில் 1.413 டெஸிஸீமன்ஸ் காட்டும் பொட்டாஸியம் குளோரைடுக் கரைசலில் வைத்துக் கருவியைச் சரிபார்த்தல் வேண்டும்.

குடியானவர்கள் கவனிக்க வேண்டியவை

1. பம்பைச் சிறிது நேரம் ஓடவிட்ட பின், அந்நீரிலேயே கழுவிய புட்டியில் ஒரு லிட்டர் எடுத்து மண் பரிசோதனைச் சாலைக்கு அனுப்புக. கோடையிலும் மழைக்குப் பின்னும் தனித்தனியே செய்தல் நலம்.

2. முடிவைத் தேதியுடன் குறித்து வைக்கவும். கருவியின் அளவு சரியா என்று ஒப்பிட அதுவே சாட்சி.

3. நகரத்தில் கருவிகள் அமைக்கும்போது, ஆற்றின் கீழ்ப்புறத்திலும் ஒன்றை வைக்கவும், அதன் அளவைத் தமிழில் கிராமங்களுக்கு அறிவிக்கவும் பாசனச் சங்கங்கள் மூலம் கேட்கவும்.

உப்பு நீர் வயலில் பாய்ந்த பின்னர் வரும் செய்தியால் பயனில்லை. மடை திறப்பதற்கு முன் வரும் செய்தியே பயிரைக் காக்கும்.