பெரிய டி.வி வாங்கியாச்சு... ஆனா, ஹெச்.டி-யிலதான் பார்க்கறீங்களா?

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். வீட்டு டி.வி-க்குப் பின்னால் எட்டி, செட்-டாப் பாக்ஸிலிருந்து வரும் வயரைப் பாருங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று பின்கள் இருக்கிறதா? அப்படியென்றால், அந்த டி.வி-யை எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கியிருந்தாலும் சரி, 1982-ல் இந்தியாவுக்குக் கலர் டி.வி வந்தபோது என்ன அளவுத் துல்லியம் இருந்ததோ, அதே அளவில்தான் உங்கள் வீட்டில் இன்னும் படம் ஓடிக்கொண்டிருக்கிறது.

எனக்கு இது உறைத்தது முக்கொம்பில். திருச்சியிலிருந்து கரூர் ரோட்டில் ஜீயபுரம் தாண்டினால் அப்பாயி வீடு. முதல் வருஷச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, அப்பாயிக்காக 43 இன்ச் டி.வி வாங்கி மாட்டினேன். முழங்கால் வலியால் அந்த வருஷ வைகுண்ட ஏகாதசிக்கு அப்பாயியால் ஸ்ரீரங்கம் போக முடியவில்லை. விடியற்காலையிலேயே எழுந்து, டி.வி-க்கு நாலடி தள்ளி தரையில் உட்கார்ந்துகொண்டார். பரமபத வாசல் திறப்பு லைவ். நம்பெருமாள் ரத்தின அங்கியில் வருகிறார். திரையில் தெரிந்ததோ சிவப்பும் பச்சையுமாக ஏதோ கலங்கலாக ஒன்று.

``ஏன்டா தம்பி, இவ்ளோ பெரிய டி.வி-ல பெருமாள் முகமே தெரியலையே. பழைய பொட்டியிலேயே நல்லா இருந்துச்சு.''

அப்பாயிக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டதோ என்றுதான் நினைத்தேன். இல்லை. அவர் சொன்னது அட்சர சுத்தமான உண்மை!

கணக்கைப் பாருங்கள். பழைய பெட்டி, இலவச கலர் டி.வி காலத்து 14 இன்ச். அதைவிட 43 இன்ச் திரையின் பரப்பு கிட்டத்தட்ட எட்டு மடங்கு. ஆனால், உள்ளே வருகிற படம் மாறவில்லை. நாம் எஸ்.டி என்று சொல்லும் சாதாரணப் படத்தில் இருப்பவை 720-க்கு 576 புள்ளிகள், அதாவது சுமார் 4 லட்சம். ஃபுல் ஹெச்.டி திரை கேட்பதோ 1920-க்கு 1080, ஏறக்குறைய 20 லட்சத்து 70 ஆயிரம் புள்ளிகள். இல்லாத 16 லட்சத்தை டி.வி தானே ஊகித்து நிரப்புகிறது. ஒரு படி மாவை எட்டு வீட்டுக்குத் தோசை ஊற்றினால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருக்கும்.

`டிஜிட்டல் வந்துடுச்சே, அப்புறம் என்ன?' என்று கேட்பீர்கள். இங்கேதான் நம்மில் பலருக்கும் குழப்பம். டிஜிட்டல் வேறு, ஹெச்.டி வேறு.

முறை வைத்து வரும் தண்ணீர்

முக்கொம்பு அணையைப் பார்த்திருப்பீர்கள். 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை. காவிரி இங்கேதான் கொள்ளிடமாகவும் காவிரியாகவும் பிரிகிறது. கேபிளுக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது.

அனலாக் காலத்தில் ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனி வாய்க்கால். வயலில் பயிர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த வாய்க்கால் முழுக்க அந்த ஒரு வயலுக்கே. அதனால்தான் கேபிளில் எண்பது, நூறு சேனலோடு இடம் தீர்ந்துபோனது. டிஜிட்டலில் நடப்பது முறைப்பாசனம். ஒரே வாய்க்காலை நொடிக்குள் பல கூறாக்கி, உனக்கு இவ்வளவு, எனக்கு இவ்வளவு என்று பத்துக்கும் மேற்பட்ட சேனல்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. போதாததற்குச் சிக்கனம் வேறு. செய்தி வாசிப்பவருக்குப் பின்னால் இருக்கும் சுவர் அசையவில்லை என்றால், அந்தச் சுவரைத் திரும்பத் திரும்ப அனுப்புவதில்லை. மாறியதை மட்டும் அனுப்புகிறார்கள்.

சரி, இதில் ஹெச்.டி எங்கே வருகிறது? எஸ்.டி சேனல் உளுந்து மாதிரி, கொஞ்சம் ஈரம் இருந்தால் போதும். ஹெச்.டி சேனல் வாழைத்தோட்டம். தண்ணீரை இழுத்துக் குடிக்கும். 2019 பிப்ரவரியில் டிராய் புதிய கட்டண முறையைக் கொண்டுவந்தது ஞாபகம் இருக்கிறதா? முதல் 100 சேனலுக்கு 130 ரூபாய், வரி தனி என்றார்களே, அதில் ஒரு ஹெச்.டி சேனலை இரண்டு எஸ்.டி சேனலாகக் கணக்கிட்டதற்குக் காரணம் இதுதான்.

ஆக, டிஜிட்டல் என்றால் தண்ணீரைப் பங்கிடும் முறை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் வயலுக்கு வாழைக்கான தண்ணீர் வருகிறதா என்பது தனிக் கேள்வி.

கெடு மேல் கெடு

அனலாக்கை வீட்டிலிருந்து வெளியேற்றியது பெரிய இழுபறி. 2011-ல் கேபிள் டி.வி சட்டத்தைத் திருத்தி, நான்கு கட்டங்களாக மாற்றச் சொன்னது மத்திய அரசு. முதல் கட்டத்தில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்கள், இரண்டாவதில் தமிழ்நாட்டிலிருந்து கோவை. ஸ்ரீரங்கம் திருச்சி மாநகராட்சிக்குள் இருப்பதால் மூன்றாம் கட்டம், கெடு 2015 டிசம்பர் 31. அதே காவிரிக்கரையில் கொஞ்ச தூரம் மேற்கே இருக்கும் எங்கள் கிராமம் நான்காம் கட்டம், 2016 டிசம்பர் என்று சொல்லி 2017 மார்ச் வரை தள்ளினார்கள்.

காகிதத்தில்தான் இதெல்லாம். 2011-ல் 70 ரூபாய் மாதக் கட்டணத்தோடு மறுபடி களமிறங்கி, மாநிலம் முழுக்கப் பரவியிருந்த அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்ததே 2017 ஏப்ரலில். அந்த செப்டம்பரில்தான் இலவச செட்-டாப் பாக்ஸ் கொடுக்க ஆரம்பித்தார்கள். வயரைத் திருகினால் படம் வந்த காலம் முடிந்து, ஒரு வீட்டுக்கு இரண்டு ரிமோட் ஆனது அப்போதுதான். அப்பாயிக்கு இன்றைக்கும் எந்த ரிமோட்டில் வால்யூம், எந்த ரிமோட்டில் சேனல் என்பது பஞ்சாயத்து!

ஆன்டெனாவின் கதை இன்னும் சத்தமில்லாமல் முடிந்தது. எல்லையோரம் போன்ற முக்கியமான சுமார் 50 இடங்களைத் தவிர, தூர்தர்ஷனின் அனலாக் கோபுரங்களை 2022 மார்ச்சுக்குள் நிறுத்துவதாக பிரசார் பாரதி அறிவித்தது. மொட்டை மாடியில் ஏறி, `இப்போ தெரியுதா... இப்போ?' என்று கத்திய தலைமுறைக்கு அது ஒரு நாள் செய்திகூட இல்லை.

ஒன்று கவனியுங்கள். அந்த மாற்றத்தில் வீடுகளுக்கு வந்த பாக்ஸ்களில் பெரும்பாலானவை எஸ்.டி. அன்றைக்கு வீட்டில் இருந்ததும் பழைய குண்டு டி.வி, அதற்கு அது தாராளம். பிறகு ஒரு தீபாவளி ஆஃபரில் டி.வி மட்டும் மாறியது. பாக்ஸும் வயரும் அப்படியே நின்றுவிட்டன. எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். டி.வி-யை மாட்டிய அன்று பழைய மூன்று பின் வயரைச் செருகியவன் வேறு யாருமில்லை, நான்தான்.

நாலு மதகும் திறக்கணும்

ஹெச்.டி படம் உங்கள் கண்ணுக்கு வர வேண்டுமென்றால் சேனல், பாக்ஸ், வயர், டி.வி நான்குமே ஹெச்.டி-யாக இருக்க வேண்டும். ஒன்று மூடியிருந்தாலும் போச்சு. மூன்று பின் வயரால் எஸ்.டி-க்கு மேல் கடத்தவே முடியாது. தட்டையான ஹெச்.டி.எம்.ஐ வயர்தான் வேண்டும். பாக்ஸில் ஹெச்.டி.எம்.ஐ துளை இருப்பதாலேயே அது ஹெச்.டி பாக்ஸ் என்றும் நம்பிவிடாதீர்கள். வயரை மாற்றி, ஒரு ஹெச்.டி சேனலை வைத்து, டி.வி ரிமோட்டில் `இன்ஃபோ' பட்டனை அழுத்துங்கள். பெரும்பாலான டி.வி-களில் ஓரத்தில் ஓர் எண் வரும். 1080 என்றால் சரி. 576 என்றால் பாக்ஸை மாற்றித் தரும்படி கேபிள்காரரிடம் கேளுங்கள். அதற்குத் தனிக் காசு ஆகலாம், முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

முகமெல்லாம் பூசணிக்காய் மாதிரி அகலமாகத் தெரிகிறதா? அது வேறு பிரச்னை. பழைய 4:3 படத்தை 16:9 திரைக்கு இழுத்துவைத்திருக்கிறீர்கள். செட்டிங்ஸில் படத்தின் அளவை 4:3-க்கு மாற்றினால் ஓரத்தில் கறுப்புப் பட்டை வரும். `திரை வேஸ்ட்டாகுதே' என்று அப்பா சண்டைக்கு வருவார். விடாதீர்கள்.

எல்லா வீட்டுக்கும் ஹெச்.டி பேக் தேவையா? என்னைக் கேட்டால், இல்லை. 32 இன்ச் டி.வி-யைப் பத்தடி தள்ளி சோபாவிலிருந்து பார்த்தால், ஹெச்.டி-யின் நுணுக்கம் முழுவதையும் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது. அங்கே வயரை மாற்றி, படத்தின் அளவைச் சரிசெய்தாலே பாதி எரிச்சல் தீர்ந்துவிடும். திரை 43 இன்ச்சைத் தொட்டாலோ, அப்பாயி மாதிரி நாலடியில் உட்கார்ந்து பார்த்தாலோதான் வித்தியாசம் பளிச். அப்போதும் வீட்டில் தினமும் ஓடுகிற மூன்று நான்கு சேனலை மட்டும் ஹெச்.டி-யில் எடுத்தால் போதும்.

`யூடியூப்ல லைவ் போட்டுட்டா முடிஞ்சதே' என்கிறீர்களா? அதையும் செய்து பார்த்தேன். படம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால், இன்டர்நெட் வழியே வரும் லைவ் சில விநாடிகள் பிந்தி வருமே! பக்கத்து வீட்டு டி.வி-யிலிருந்து `ரங்கா... ரங்கா...' கோஷம் கேட்டுவிட்டது, எங்கள் திரையில் கதவு இன்னும் திறக்கவில்லை. அப்பாயி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

பாக்ஸையும் வயரையும் மாற்றிய பிறகு வந்த ஏகாதசிக்கு, அதே நாலடி தூரத்தில் உட்கார்ந்தார். கேமரா கிட்டே போனது. பாண்டியன் கொண்டை, கிளிமாலை, அங்கியின் ஒவ்வொரு கல் என்று தனித்தனியாகத் தெரிந்தன. ரொம்ப நேரம் பேச்சே இல்லை. பிறகு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

``இந்த வயரு எவ்ளோடா தம்பி?''

``இருநூறு ரூபா, அப்பாயி.''

``போன வருஷமே மாட்டியிருக்கலாம்ல?''