வார்டு எல்லையும் வாக்கின் மதிப்பும்

2021 மார்ச்சில் சித்தூர், திருப்பதி மாநகராட்சிகளுக்குத் தேர்தல் நடைபெற்றபோது, இரண்டு நகரங்களும் ஐம்பது ஐம்பது வார்டுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி திருப்பதியின் ஜனத்தொகை ஏறத்தாழ 2,87,000; சித்தூரினதோ அதில் பாதியைச் சற்றே கடந்தது. ஆகவே திருப்பதியில் ஓர் அங்கத்தினர் சராசரியாக 5,700 பேருக்கும், சித்தூரில் 3,000 பேருக்குச் சற்று மேற்பட்டோருக்கும் பிரதிநிதியாகிறார்.

இதனை அநீதி என்று நாம் கொள்ளுதல் பொருந்தாது. இரு நகரங்களும் தனித்தனி நிர்வாகம் உடையவை. ஆனால் ஒரே நகருக்குள் ஒரு வார்டில் 3,000 பேரும் மற்றொன்றில் 8,000 பேரும் இருப்பார்களாயின், பின்னவர்களின் வாக்கு மதிப்பில் குன்றிவிடுகிறது. நகரம் வளர வளரப் புறப்பகுதிகளிலேயே மக்கள் பெருகுவர். ஆதலின் எல்லைகளை மீண்டும் வரைதல் அவசியமாகிறது.

எண்ணிக்கைச் சமன்பாடு மட்டும் போதாது. நம்மவர் சேர்ந்து வாழும் தெருக்களை இரண்டாகப் பிளந்தால், இரு வார்டுகளிலும் நம் குரல் மெலிந்துவிடும். வரைவை வெளியிட்டு ஆட்சேபங்கள் கோரும் சில நாட்களே நமக்குரிய காலம். அப்பொழுது தெருப்பெயரையும் கதவிலக்கத்தையும் குறிப்பிட்டு நாம் எழுதுவோமாக. தேர்தல் நெருங்கியபின் முறையிடுவதால் பயன் விளைவது அரிது.