யன்னலுக்குள் வராத சூரியன்

வீட்டுக்குள் காய்கறி வளர்க்கச் சொல்லித்தரும் ஐரோப்பியப் புத்தகங்கள் பெரும்பாலும் தெற்கு யன்னலைத்தான் பரிந்துரைக்கும். இலண்டனில் அது சரி. டிசம்பர் நண்பகலில் அங்கே சூரியன் தெற்கு அடிவானத்துக்கு மேல் 15 பாகையில்தான் நிற்கும். வெயில் சாய்ந்து அறையின் உட்சுவர்வரை வரும். இலங்கையின் மாத்தளையில் அதே யன்னலோரம் தக்காளித் தொட்டியை வைத்தால் செடி வாடி மெலியும்.

மாத்தளை, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7.5 பாகையில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாள் முன்னும் செப்டெம்பர் தொடக்கத்திலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. ஜூன் நண்பகலில் அது வடக்கே சாய்ந்திருக்கும். தெற்கே மிகவும் இறங்கும் டிசம்பரில்கூட நண்பகல் உயரம் 59 பாகை. அப்போதும் அரை மீற்றர் நீண்ட இறவாரம் சுவரில் 80 சென்ரிமீற்றருக்கு மேல் நிழல் போடும். வெயிலையும் மழையையும் தடுக்கத்தானே நம்மவர்கள் கூரையை இறக்கிக் கட்டினார்கள்! ஆகவே இங்கே செடிக்கு உதவுபவை கிழக்கு, மேற்கு யன்னல்கள்தான். சூரியன் தாழ்ந்திருக்கும் காலையிலும் மாலையிலும் அவற்றின் வழியே கதிர் உள்ளே நுழையும். கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் மறைக்கும் ஊர்களில் காலை வெயிலும் பிந்தியே வரும்.

அறை வெளிச்சமாகத்தானே இருக்கிறது என்று கண் சொல்லும். அதை நம்பக்கூடாது. முற்றத்து நண்பகல் வெயில் ஏறத்தாழ ஒரு இலட்சம் லக்ஸ். நல்ல வெளிச்சமான அறைக்குள் 300, 500 லக்ஸ்தான். இருநூறு மடங்குக்கும் மேலான இந்த இறக்கத்தை, விழி தன்னைச் சரிசெய்துகொள்வதால் நாம் உணர்வதில்லை. இலைக்கு அந்த வசதி கிடையாது. ஒளிச்சேர்க்கையில் செய்யும் சர்க்கரையும் சுவாசத்தில் செலவாகும் சர்க்கரையும் சமமாகும் ஒளியளவு ஒன்று உண்டு. அதற்குக் கீழே போனால் செடி தன் சேமிப்பைத் தின்று உயிர் வாழும். காய்க்க அதனிடம் எதுவும் மிஞ்சாது.

அந்த அளவு எல்லாச் செடிக்கும் ஒன்றல்ல. மாத்தளைத் தோட்டங்களில் மரநிழலில் மிளகுக்கொடியும் வனிலாவும் செழிப்பதைப் பார்க்கலாம். காட்டு நிழலில் தோன்றிய இனங்கள் அவை. கொஞ்ச ஒளியே போதும். கொச்சிக்காயும் கத்தரியும் தக்காளியும் திறந்த வெயில் கேட்பவை. அவற்றை முற்றத்துக்கே விட்டுவிடுவது நல்லது. கிழக்கு யன்னலோரத்துக்கு வெந்தயக்கீரை, வல்லாரை, ரம்பை ஏற்றவை. பழம் பழுக்கவைக்கும் செலவு இலைக்கறிக்கு இல்லை.

யன்னலோரச் செடி வெளிச்சப் பக்கம் வளைவதை எல்லோரும் கண்டிருப்போம். சார்ள்ஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் புல் நாற்றுகளின் நுனியை ஒளி புகாதபடி மூடிப் பார்த்தார்கள், நாற்று வளையவில்லை. ஒளியை அறிவது நுனி, வளைவது அதற்குக் கீழே உள்ள பகுதி என்று 1880இல் எழுதினார்கள். நுனியிலிருந்து இறங்கும் செய்தி ஒரு வேதிப்பொருள் என்பதை 1920களில் டச்சு ஆய்வாளர் பிரிட்ஸ் வென்ட் காட்டினார். ஆக்சின் எனப்படும் அது நிழற்பக்கம் கூடிச் சேர, அங்குள்ள கலங்கள் அதிகம் நீள்கின்றன. தண்டு வெளிச்சத்தை நோக்கிச் சாய்கிறது. எத்தனை நுட்பமான ஏற்பாடு!

வளைந்து தேடவும் வெளிச்சம் இல்லாத வீடுகள் உண்டு. ரத்தோட்டை, எல்கடுவைப் பக்கத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் பழைய லயங்களில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராக்கள் உண்டு. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயத்தில் பின்பக்க யன்னலே இராது. அங்கே வாழ்பவருக்கு மின்விளக்கு வைத்துச் செடி வளர்ப்பது பற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருட்டிலேயே விளையும் ஒன்று இருக்கிறது: முளைப்பயறு. விதைக்குள் இருக்கும் மாப்பொருளே முளைக்கு உணவு, ஒளி தேவையில்லை. உலர்ந்த பயற்றில் மிகக் குறைவாக இருக்கும் வைட்டமின் சி, முளைக்கும்போது புதிதாக உருவாகிறது. பயற்றை இரவு ஊறவைத்து, நீரை வடித்து, ஈரத்துணியில் கட்டி, காலையும் மாலையும் அலசினால் இரண்டு மூன்று நாளில் முளை நீண்டுவிடும். அந்த ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிகளுக்கும் பிடிக்கும் என்பதால், பிள்ளைகளுக்கு நன்றாக வேகவைத்தே கொடுக்க வேண்டும்.