எல்லாக் குச்சிக்கும் வேர்ப்பொடி வேண்டுமா?

1835லேயே தோட்டக்கலைச் சங்கம் கண்ட நகரம் நம் சென்னை. இன்று மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு மாடிகளில் பூச்செடிக் குச்சி நடுவோர் பலர், வேர் ஊக்கிப் பொடி இல்லாமல் முடியாது என்று நினைக்கிறார்கள். அது எல்லாச் செடிக்கும் தேவையில்லை. வேரைத் தூண்டும் ஆக்சின் என்னும் ஹார்மோனைத் தளிரும் நுனிமொட்டும் தாமே சுரக்கின்றன. அதனால் செம்பருத்தி, அரளி, நந்தியாவட்டை குச்சிகள் பொடியின்றியே வேர்விடும். எளிதில் வேர்விடாத காகிதப்பூ போன்றவற்றுக்குத்தான் பொடியிலுள்ள இண்டோல் பியூட்டிரிக் அமிலம் என்ற ஆக்சின் கைகொடுக்கிறது.

‘எதற்கும் தாராளமாகத் தடவிவிட்டால் என்ன?’ என்று கேட்கலாம். அளவு மிஞ்சினால் வேர் வருவதே தடைப்படும். அதோடு, பொடி ஈரத்துக்கு ஈடாகாது. வேரில்லாத குச்சி போதிய நீரை உறிஞ்ச முடியாமல், இலை வழியே இழந்துகொண்டே இருக்கும். மே மாத வெயிலில் பொடி தொட்ட குச்சியும் வாடும். வடகிழக்குப் பருவமழையின் ஈரக்காற்றில் பொடி தொடாத செம்பருத்தியும் வேர்பிடிக்கும். எனவே பென்சில் பருமனுள்ள குச்சியைக் கணுவுக்குக் கீழே வெட்டுங்கள். இலைகளில் பெரும்பகுதியை நீக்குங்கள். மணலும் தென்னைநார்க் கழிவும் கலந்து, தண்ணீர் தேங்காத தொட்டியில் நட்டு நிழலில் வையுங்கள். பருவமும் நிழலும் ஈரமும் சரியாக அமைந்த பிறகே பொடிக்குச் செலவழியுங்கள்.