வயதான நாய்க்கு முடி கொட்டுகிறதா? 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாதீர்கள்!

பத்து வயது லாப்ரடார். முதுகில் முடி மெலிந்து, வால் எலி வால் மாதிரி ஆகிவிட்டது. "வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்பதுதான் பல வீடுகளில் வரும் பதில். ஆனால், திட்டுத்திட்டாக முடி உதிர்ந்தால் பெரும்பாலும் அதற்குப் பின்னால் ஒரு நோய் இருக்கும். அதில் பலவற்றுக்குச் சிகிச்சையும் இருக்கிறது.

எது இயல்பு?

மூக்கைச் சுற்றி நரைப்பது, முடியின் பளபளப்பு குறைவது, தோல் கொஞ்சம் வறண்டுபோவது... இவை முதுமையில் வருபவைதான். வெறும் தரையில் படுத்துப் படுத்து முழங்கை காய்த்து, அங்கே முடி இல்லாமல் போவதும் சகஜம். தடிமனான விரிப்பு போட்டுக் கொடுங்கள். காய்த்த இடம் வெடித்தாலோ, புண்ணானாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அரிக்கிறதா, இல்லையா?

முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். நாய் சொறிந்துகொண்டும் கடித்துக்கொண்டும் இருந்தால் உண்ணி, தெள்ளுப்பூச்சி, பூஞ்சை, அலர்ஜி போன்றவை காரணமாக இருக்கலாம். அரிப்பே இல்லாமல், உடலின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முடி உதிர்ந்தால் ஹார்மோன் கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம்.

தைராய்டு குறைவு: சாப்பாடு அதே அளவுதான், ஆனால் எடை கூடும். எப்போதும் படுத்தே கிடக்கும். குளிர் தாங்காது. ரத்தப் பரிசோதனையில் உறுதியானால், ஆயுள் முழுக்க மாத்திரை தர வேண்டும். சில வாரங்களில் சுறுசுறுப்பு திரும்பும். முடி வளரச் சில மாதங்கள் ஆகும்.

குஷிங் நோய்: உடலில் கார்டிசால் ஹார்மோன் அதிகமாவதால் வருவது. அதிக தாகம், அதிகப் பசி, தொங்கும் வயிறு, மூச்சிரைப்பு, காகிதம்போல மெலிந்த தோல் ஆகியவை அறிகுறிகள். வீட்டுக்குள் சிறுநீர் கழித்துத் திட்டு வாங்கும் நாய்க்கு இந்த நோய் இருக்கலாம். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரை அளந்து வையுங்கள். 10 கிலோ எடையுள்ள நாய் ஒரு லிட்டருக்கு மேல் குடித்தால், உடனே பரிசோதனை தேவை.

அரிப்புக்காக நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தாலும் இதே அறிகுறிகள் வரும். அதற்காக நீங்களாகவே மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். அது உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் சொல்லும்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்!

* என்ஜின் ஆயில், கிருமிநாசினி போன்றவற்றைத் தோலில் தடவ வேண்டாம். நாய் நக்கிவிட்டால் விஷமாகிவிடும்.
* நம்முடைய ஷாம்பு, சோப்பு வேண்டாம். நாயின் தோலை அவை மேலும் வறட்சியாக்கும்.
* மனிதர்களுக்கான களிம்பு, மாத்திரை எதையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

டாக்டரிடம் போகும் முன்...

முடி உதிர்ந்த இடத்தை வாரம் ஒருமுறை மொபைலில் போட்டோ எடுத்து வையுங்கள். எப்போது ஆரம்பித்தது, எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது, என்னென்ன மருந்து கொடுத்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். தடவிக் கொடுக்கும்போது கையில் கட்டி, ஆறாத புண் தட்டுப்பட்டால் அதையும் சொல்லுங்கள். தனியார் கிளினிக்தான் என்றில்லை, அரசு கால்நடை மருத்துவமனையிலும் காட்டலாம். சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம்.

வலித்தாலும் அதற்குச் சொல்லத் தெரியாது. நாம்தான் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.