பச்சை விளக்கை நம்பலாமா?

ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்யும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "இரண்டு கம்பெனிகளிடம் இணைப்பு வாங்கி, ரூட்டரில் மாற்று வழியும் எழுதியாகிவிட்டது. ஆனாலும் முதல் இணைப்பு போனால் இ-வே பில் எடுக்க முடியாமல் லாரி வாசலிலேயே நிற்கிறது. ஏன்?"

மாற்று வழி எழுதுவது ஒரு வரி வேலைதான். ஒரே இடத்துக்கு இரண்டு வழி இருந்தால் எதை நம்புவது என்பதை அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ் என்ற எண்ணை வைத்து ரூட்டர் முடிவு செய்கிறது. எண் குறைந்தால் நம்பிக்கை கூடும். சிஸ்கோ ரூட்டரில் நேரடி இணைப்புக்கு 0, கையால் எழுதும் ஸ்டாட்டிக் ரூட்டுக்கு 1, ஓஎஸ்பிஎஃப் சொல்லும் வழிக்கு 110, ரிப் சொல்வதற்கு 120. இரண்டாவது கம்பெனிக்கான வரியின் கடைசியில் 200 என்று சேர்த்துவிட்டால், ரூட்டிங் டேபிளில் தலைகாட்டாமல் அது அடியிலேயே கிடக்கும். மேலே உள்ளது விழுந்தால் மிதந்து வரும். அதனால்தான் அதை ஃப்ளோட்டிங் ஸ்டாட்டிக் ரூட் என்கிறார்கள். 255 மட்டும் போட்டுவிடாதீர்கள். அந்த எண் உள்ள வழியை ரூட்டர் சீந்தவே சீந்தாது.

சிக்கல், முதல் வழி விழுந்ததை ரூட்டர் எப்படித் தெரிந்துகொள்கிறது என்பதில் இருக்கிறது. அது பார்ப்பது தன் போர்ட்டை மட்டுமே. அந்த போர்ட்டிலிருந்து ஒரு முழம் கேபிள், சுவரில் மாட்டிய ஃபைபர் பெட்டிக்குப் போகிறது. தெருமுனையில் ஜேசிபி ஃபைபரை அறுத்துப் போட்டாலும் பெட்டிக்குக் கரண்ட் இருக்கிறது, போர்ட்டில் பச்சை விளக்கு எரிகிறது. எங்கள் வீட்டுக் கார்ப்பரேஷன் குழாயும் இப்படித்தான்: திருகினால் திறக்கும், தண்ணீர் வருமா என்பது வேறு சமாச்சாரம். ரூட்டரோ விளக்கை நம்பி, வரும் பாக்கெட்டையெல்லாம் அறுந்த வழியிலேயே தள்ளிக்கொண்டிருக்கும்.

இதற்கு மருந்து ஐபி எஸ்எல்ஏ. வெளியே உள்ள ஒரு முகவரிக்கு ரூட்டரே அவ்வப்போது பிங் அனுப்பும். பதில் நின்றால், அதோடு முடிச்சுப் போட்டிருக்கும் முதல் வழி டேபிளிலிருந்து விலகிக்கொள்ளும். வந்த அமைப்பிலேயே விட்டுவைத்தால் 60 விநாடிக்கு ஒரு பிங்தான். 5 அல்லது 10 ஆகக் குறைப்பது நல்லது.

எனக்குப் பிடித்த வேடிக்கை இனிமேல்தான். முதல் வழி விலகி இரண்டாவது வந்ததும், பிங்கும் அந்த இரண்டாவது வழியிலேயே போய்ப் பதில் வாங்கி வந்துவிடும். 'ஆகா, சரியாகிவிட்டது' என்று ரூட்டர் செத்த வழிக்கே திரும்பும். பிங் மறுபடி தோற்கும், மறுபடி மாறும். இந்த ஊஞ்சலை நிறுத்த, பிங் போகும் அந்த ஒரே முகவரிக்கு மட்டும் முதல் கம்பெனி வழியாகத் தனி ரூட் எழுத வேண்டும்.

அங்கேயும் ஒரு கண்ணி உண்டு. பலரும் அந்த முகவரியாக 8.8.8.8 என்று போட்டுவிடுகிறார்கள். ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் டிஎன்எஸ்ஸுக்கும் அதையே நம்பியிருந்தால், முதல் இணைப்பு போனதும் பிங்குக்குப் போட்ட தனி ரூட்டில் அவையும் மாட்டிக்கொள்ளும். மாற்று வழி நன்றாக இருந்தும் ஒரு தளமும் திறக்காது. வேறு எதற்கும் தேவைப்படாத முகவரியாகப் பார்த்துப் போடுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு இரண்டு ஃபைபரையும் ஒரே பள்ளத்தில் கொண்டுவந்தால் பயனில்லை. 2008 ஜனவரி 30 அன்று மத்தியதரைக் கடலில் சீ-மீ-வீ 4, ஃபிளாக் என்ற இரண்டு கடலடிக் கேபிள்களும் அறுந்தன. இந்தியா வரை இணையம் திணறியது. கேபிள் இரண்டானாலும் கடல் ஒன்றுதான். இரண்டாவது கம்பெனிக்காரரிடம் வாடகையைப் பேசும் நாம், அவருடைய கம்பி எந்தக் கம்பத்தில் வருகிறது என்று கேட்பதே இல்லை.

சோதித்துப் பார்ப்பதும் அப்படித்தான். பார்ப்பவர்களும் ரூட்டர் போர்ட்டில் உள்ள கேபிளைப் பிடுங்கி, மாறியதும் திருப்தியாகிவிடுகிறார்கள். அந்தக் கோளாறு ரூட்டருக்கு எப்படியும் தெரிந்துவிடும். மாதம் ஒருமுறை, கடை சாத்தும் நேரத்தில், பெட்டிக்குள் வரும் ஃபைபரைக் கழற்றிவிட்டு ஒரு பில் போட்டுப் பாருங்கள்.