அப்பம்மாவின் வீடியோவும் மருமகனின் பிராசசரும்

ஹரோவில் இருக்கிற அக்காவிடமிருந்து ஒரு ஞாயிறு பின்னேரம் போன். "தம்பி, இவன் கம்ப்யூட்டருக்கு பிராசசர் மாத்தோணும் எண்டு நிக்கிறான். போர்ட், மெமரி எல்லாம் சேர்த்து 600 பவுண்ட்ஸாம். வீடியோ எடிட் பண்ணவாம். எனக்கெண்டா கேமுக்குத்தான் எண்டு படுது. நீ வந்து ஒருக்காப் பாரன்."

உங்கள் வீட்டிலும் இந்தச் சண்டை நடந்திருக்கும். நான் மென்பொருள் எழுதுகிறவன், அதனால் குடும்பத்தில் பிரிண்டர் முதல் வைஃபை வரை எல்லாம் என் தலையில்தான். போனேன்.

மருமகனுக்கு 15 வயது. மெஷினில் இருந்தது ஏஎம்டி ரைசன் 5 2600. 2018இல் வந்த சிப், 6 கோர். கிராபிக்ஸ் கார்ட் ஆர்டிஎக்ஸ் 3060, அது பரவாயில்லை. "எது ஸ்லோ எண்டு சொல்லாத, காட்டு" என்றேன். டாவின்சி ரிசால்வைத் திறந்தான். திரையில் அப்பம்மா! குசினியில் இருந்து சின்ன வெங்காயம் உரிச்சுக்கொண்டு பருத்தித்துறை வீட்டைப் பற்றிக் கதைக்கிறா. அடுத்த மாதம் அவவுக்கு 85 வயது. ஆறு மணித்தியாலம் போனில் எடுத்து வைத்திருக்கிறான். கீழே இங்கிலிஷில் சப்டைட்டில். "மாமா, ஒழுங்கை எண்டா லேன் தானே?" என்று கேட்டான். கதவடியில் நின்ற அக்கா ஒன்றும் பேசவில்லை.

ஆனால் வீடியோ விக்கி விக்கித்தான் ஓடியது. காரணம் இதுதான். போன் 4கே வீடியோவை ஹெச்ஈவிசி என்ற முறையில் சுருக்கி வைக்கிறது. ஒவ்வொரு ஃபிரேமும் முழுப் படமாக இருக்காது. பெரும்பாலானவை பக்கத்து ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும். பார்க்க மட்டுமென்றால் பிரச்சினை இல்லை. எடிட் செய்கிறவன் முன்னும் பின்னும் இழுக்கும்போது ஒவ்வொரு இடத்திலும் படத்தைத் திரும்பக் கட்ட வேண்டும். அங்கேதான் மெஷினுக்கு மூச்சு வாங்குது.

இதற்கு மருந்து ரிசால்வுக்குள்ளேயே இருக்கு. ப்ராக்ஸி என்று சிறிய நகல்கள் செய்து அதில் எடிட் பண்ணுவது. கடைசியில் எக்ஸ்போர்ட் ஒரிஜினலில் இருந்து. இரவு முழுக்க மெஷினை விட்டுவிட்டுப் படுத்தான். காலையில் டைம்லைன் வழுக்கிக்கொண்டு ஓடியது. செலவு பூச்சியம்.

"அப்ப கேம்?" என்றேன். அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். உண்மையைச் சொன்னால், பிராசசர் தேவைப்பட்டது அங்கேதான். நீங்களும் செய்து பார்க்கலாம்: கேமின் ரெசொலூஷனைக் குறையுங்கோ. ஃபிரேம் எண்ணிக்கை கூடினால் கிராபிக்ஸ் கார்டுதான் திணறுகிறது. கூடாவிட்டால் பிராசசர். இவனுக்கு 1080இலிருந்து 720க்கு இறக்கியும் அசையவில்லை.

ஆனால் 600 பவுண்ட்ஸ் தேவையில்லை. ஏஎம்டி தன் ஏஎம்4 சாக்கெட்டை வருடக்கணக்காக மாற்றாமல் வைத்திருந்தது. அதனால் அவனுடைய பி450 போர்டில் 2022இல் வந்த சிப்பும் இருக்கும். ஏஎம்5க்குப் போனால் போர்டோடு டிடிஆர்5 மெமரியும் வாங்க வேண்டும்.

மூன்று சிப் பார்த்தோம். 5900எக்ஸ், 12 கோர்: நாள் முழுக்க ரெண்டர் பண்ணுகிறவர்களுக்கு நல்லது, இவனுக்கு அல்ல. 5800எக்ஸ்3டியில் 8 கோர், 96 எம்பி எல்3 கேஷ். பிராசசர் மெமரிக்கு ஓடிப்போய் வராமல் பக்கத்திலேயே வைத்திருக்கும் இடம்தான் கேஷ். கேம்களுக்கு அது பெரிய உதவி, எடிட்டிங்குக்கு அவ்வளவு இல்லை. விலையும் கூட, சூடும் கூட, கூலரும் மாற்ற வேண்டும். 5700எக்ஸ், அதுவும் 8 கோர், 32 எம்பி கேஷ், 65 வாட். பழைய 2600இல் 16 எம்பிதான். கேம் மட்டும் என்றால் எக்ஸ்3டி வாங்கச் சொல்லியிருப்பேன். இரண்டும் செய்கிற பெடியனுக்கு 5700எக்ஸ் போதும் என்பது என் கணக்கு. 150 பவுண்ட்ஸுக்குள் முடிந்தது. அரைவாசி அவன் பிறந்தநாள் காசு, மீதி அத்தான்.

கூட்டாளி ஒருவன் இன்டெல் 13ஆம் தலைமுறை சிப்பை செகண்ட் ஹேண்டில் வாங்கச் சொன்னானாம். கவனம். 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் பலவற்றில் வோல்டேஜ் கூடி சிப் பழுதாவதை 2024இல் இன்டெலே ஒத்துக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு, வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியது. ஏற்கெனவே பழுதானதை அந்தத் திருத்தம் குணமாக்காது.

மாற்றும்போது இரண்டு விஷயம். முதலில் பழைய சிப் இருக்கும்போதே பயோஸை அப்டேட் பண்ணுங்கோ. இல்லாவிட்டால் புதுச் சிப்பை போர்ட் அடையாளம் காணாமல் கறுப்புத் திரைதான். இரண்டாவது, ஏஎம்4இல் பின்கள் சிப்பில்தான் இருக்கு. பேஸ்ட் காய்ந்து கூலர் ஒட்டிக்கொண்டால் சிப்பையும் சேர்த்துப் பிடுங்கிவிடும். பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது நான் அப்படி இழுத்து, வளைந்த பின்களை மெக்கானிக்கல் பென்சிலால் இரவிரவாக நிமிர்த்தினேன். அதனால் மெஷினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, கூலரை மெல்லத் திருப்பித் திருப்பித்தான் எடுத்தோம். ஒரு மணித்தியால வேலை. அக்கா டார்ச் பிடித்தா.

கேம் இப்போது நல்லா ஓடுதாம். படம்தான் இன்னும் முடியவில்லை. இரண்டு மணித்தியாலம் வரைக்கும்தான் சப்டைட்டில் போட்டிருக்கிறான். நேற்று இரவு அப்பம்மா சொன்ன ஒரு சொல்லை வெட்டி எனக்கு அனுப்பியிருந்தான். எனக்கும் விளங்கேல்லை. அவவிட்டயே கேட்கச் சொல்லியிருக்கிறேன்.